ஆர்டிஏ-வில் புகை நிறைய வருது, ருசி வரல: காயில், பஞ்சு, காத்து பத்தி ஒரு விவாதம்

குழித்துறைக்காரன் (இப்போ ஷார்ஜா)

எல்லாருக்கும் வணக்கம். சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு மாறினவன் நான். முதல்ல பாட் (அப்படியே இழுக்கிற சின்ன ரெடிமேட் சாதனம்), இப்ப நாமளே காயில், அதாவது சூடேறுற கம்பிச் சுருள், சுத்திப் போடுற ஆர்டிஏ டேங்க். 24 மி.மீ டேங்க், சிங்கிள் காயில், கீழ இருந்து காத்து வர்ற மாதிரி. கான்தல் கம்பி 26 கேஜ், 3 மி.மீ உள்விட்டம், நெருக்கமா 6 சுத்து. மாட் (டேங்கை மாட்டுற பேட்டரிப் பெட்டி) 0.8 ஓம் காட்டுது. 35 வாட்ல இழுக்கிறேன். ஜூஸ் (ஆவியாகுற திரவம்) மாம்பழ மணம், விஜி (கிளிசரின்) 70, பிஜி (புரோப்பிலீன் கிளைக்கால்) 30.

புகை ரூம் நிறைய வருது. ருசிதான் இல்ல. மாம்பழம் எங்கயோ தூரத்துல நிக்குது. இதே பாட்டில்ல இருந்து என் ரூம்மேட் அவனுக்க பழைய சின்ன டேங்க்ல ஊத்தி இழுத்தா மணம் மூக்குல ஏறுது. நான் வாட் கூட்டினா தொண்டை கமறுது, குறைச்சா சப்புனு போகுது. முதல்ல எதை மாத்தணும்? கம்பியா, பஞ்சா, இல்ல டேங்கையே மாத்தணுமா?

---

மட்டறுத்துநர்

இந்த விவாத இழையைத் திறந்தே வைக்கிறேன், சில விஷயங்களைச் சொல்லிட்டு. இந்தியாவில 2019-ல வந்த மின் சிகரெட் தடைச் சட்டப்படி இதோட தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைக்கிறது, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இருப்பு வைக்கிறதுக்கு மட்டும் ஆறு மாசம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டுமே கூட விதிக்கலாம். அதனால கடைப் பெயர், விலை, "லீவுல வரும்போது ஒண்ணு கொண்டு வாங்க" போன்ற பதிவுகள் வந்தா உடனே நீக்குவேன். சட்டம் அனுமதிக்கிற நாட்டில இருக்கிற, ஏற்கெனவே சிகரெட்டிலிருந்து மாறின நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் பேசிக்கிறதுக்கு மட்டும் இந்த இழை. புகைப் பழக்கமே இல்லாத தம்பி தங்கச்சிமார் இதைப் படிச்சுத் தொடங்கிடாதீங்க. நிக்கோட்டின் பிடிச்சா லேசுல விடாது.

---

கோட்டாறு_மான்செஸ்டர்

தம்பி, டேங்கை மாத்த வேண்டாம். உங்க பதிவுலேயே பாதி விடை கிடக்கு. நெருக்கமா 6 சுத்துன்னு எழுதியிருக்கீங்க. 26 கேஜ் கம்பியோட கனம் 0.4 மி.மீ. ஆறு சுத்து ஒட்டி நின்னா காயிலோட மொத்த அகலம் 2.4 மி.மீ. கீழ உள்ள காத்து ஓட்டை எவ்வளவு அகலம்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. 24 மி.மீ டேங்க்ல பலதுக்கும் 5 மி.மீ-க்குக் குறையாது. அப்போ வர்ற காத்துல பாதி காயிலைத் தொடாமலே ரெண்டு பக்கமும் ஒதுங்கி மேல போகுது. நீங்க இழுக்கிறதுல பாதி வெறுங்காத்து. மாம்பழம் தூரத்துல நிக்குதுன்னா காரணம் அதுதான்.

ரூம்மேட்டோட சின்ன டேங்க்ல ஓட்டையும் சின்னது, காயிலுக்கு மேல இருக்கிற அறையும் சின்னது. ஆவி பரவி நீர்த்துப் போக இடமே இல்ல. கேஃபன் மாதிரி பழைய டேங்குகளை இன்னும் ஆட்கள் கைவிடாம வச்சிருக்கிறதுக்கு இதுவே காரணம்.

எனக்குத் தெரிஞ்சவரை ருசிக்கு வரிசை இதுதான்: காத்து காயிலைத் தடவிட்டுப் போகணும், பஞ்சு தடையில்லாம உறிஞ்சணும், அப்புறம்தான் எந்தக் கம்பிங்கிற பேச்சு. நம்ம ஆட்கள் தலைகீழா கம்பியில இருந்து தொடங்குறாங்க. விலை கூடின காயில் வாங்கி, அதே ஓட்டைக்கு மேல அதே உயரத்துல வச்சு, அதே மாதிரி பஞ்சைத் திணிச்சா ருசி எங்கேருந்து வரும்?

காயில் எந்த உயரத்துல நிக்குது, பஞ்சு வால் எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ போடுங்க.

---

வைண்டிங்_தக்கலை

நான் இதை இழுக்கிற ஆளு இல்ல. முப்பது வருசத்துக்கு மேல மோட்டார் வைண்டிங், ஹீட்டர் காயில் வேலை. கம்பிப் பேச்சு வந்ததால எழுதுதேன்.

கான்தல்னா இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி. சூடேறும்போது மேல அலுமினியம் ஆக்சைடு படியும். ஒட்டி ஒட்டி நிக்கிற சுத்துகள் தங்களுக்குள்ள ஷார்ட் ஆகாம இருக்கது அந்தப் படிவால. நிக்ரோம் 80-ன்னா 80% நிக்கல், 20% குரோமியம். அதுக்கு மின்தடை கான்தலை விடக் கால்வாசி குறைவு. 26 கேஜ்ல கான்தல் மீட்டருக்கு ஏறத்தாழ 11 ஓம், நிக்ரோம் எட்டரை ஓம்.

தம்பிக்க கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 3 மி.மீ உள்விட்டம், 6 சுத்து, ரெண்டு காலும் சேர்த்து ஏழரை செ.மீ-க்கிட்ட கம்பி. 0.83 ஓம் வரணும். மெஷின் 0.8 காட்டுது, சரியாத்தான் இருக்கு. இனி சூட்டைப் பாரு. சுத்துல உள்ள கம்பிக்கு மேல்பரப்பு 80 சதுர மி.மீ சொச்சம். 35 வாட்டை அதுல ஏத்தினா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.43 வாட். ஹீட்டர் வேலையில இதை மேல்பரப்புச் சுமைன்னு பாப்போம். இவ்வளவு சின்னக் கம்பிக்கு அது கடும் சூடு. 18 வாட்னா பாதியாயிரும், 0.22. தொண்டை கமறுதுன்னு சொன்னியே, அதுக்க காரணம் இந்தக் கணக்குல இருக்கு.

இன்னொண்ணு. நம்ம ஊர் வைண்டிங் கடையில கேஜ்னா எஸ்டபிள்யூஜி, பிரிட்டிஷ் கம்பி அளவு. வேப் கம்பி உருளையில போட்டிருக்கது ஏடபிள்யூஜி, அமெரிக்க அளவு. ரெண்டும் ஒண்ணு இல்ல. 26 ஏடபிள்யூஜி 0.405 மி.மீ, 26 எஸ்டபிள்யூஜி 0.457 மி.மீ. நம்பரை நம்பாம மைக்ரோமீட்டர் வச்சு அளந்து பாருங்க. எனாமல் பூசின செம்புக் கம்பி, பேர் தெரியாத ஹீட்டர் கம்பி எதையும் வாயில வைக்கிற சாதனத்துல போடவே கூடாது.

---

குழித்துறைக்காரன்

அண்ணே, ஸ்கேல் வச்சுப் பாத்தேன். ஓட்டை 5 மி.மீ தாண்டுது. போட்டோ போட்டிருக்கேன். காயில், அதுக்க காலை மாட்டுற போஸ்ட் (தூண்) உச்சிக்குச் சமமா நிக்குது. பஞ்சு ரெண்டு பக்கமும் குழி நிறைய இருக்கு, லீக் ஆகக் கூடாதுன்னு அழுத்தி வச்சது. வைண்டிங் அண்ணன் போட்ட கணக்கு யாரும் இதுவரை எனக்குச் சொல்லித் தராதது. ரொம்ப நன்றி.

---

கோட்டாறு_மான்செஸ்டர்

போட்டோ பார்த்தேன். காயில் உசரம் கூடிப் போச்சு. ஓட்டைக்கும் காயிலோட அடிப்பக்கத்துக்கும் ரெண்டு மில்லிக்குள்ள இடைவெளி இருந்தா போதும். உசரத்துல நின்னா காத்து வேகம் தணிஞ்சு, பரவித்தான் மேல வரும். ரொம்ப இறக்கினாலும் ஜூஸ் சொட்டு ஓட்டைக்குள்ள போய் குருகுருன்னு சத்தம் கேட்கும்.

பழைய காயிலைத் தூக்கிப் போடுங்க. அதே 26 கான்தல், அதே 3 மி.மீ, அதே 6 சுத்து, ஆனா இடைவெளி விட்டுச் சுத்துங்க. ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல ஒரு கம்பி கனம் இடம். அகலம் நாலரை மில்லிக்கு வந்திரும், ஓட்டையை மூடின மாதிரி நிக்கும். நடுவுல காத்து நுழையறதால ஒவ்வொரு சுத்தோட எல்லாப் பக்கத்தையும் தொட்டுப் போகும்.

இனி பஞ்சு. இதுல அவசரப்படாதீங்க. பட்டையா வர்ற பஞ்சுன்னா மேலயும் கீழயும் இருக்கிற தடிச்ச தோலை உரிச்சு எடுங்க. உள்ள இருக்கிறது இழை இழையா, ஒரே பக்கமா ஓடும். அதுல ஒரு துண்டை எடுத்து முனையை மட்டும் முறுக்கி காயிலுக்குள்ள விட்டு இழுங்க. இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்கணும், ஆனா காயில் சாயக் கூடாது. காயில் கூடவே நகர்ந்தா பஞ்சு கூடுதல். வழவழன்னு ஓடினா குறைவு. அப்படி விட்டா கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவுல இடம் விழுந்து அங்க மட்டும் கருகும்.

ரெண்டு வாலையும் டெக்கோட (காயில் நிக்கிற அடித்தட்டு) வெளி விளிம்புக்கு நேரா வெட்டுங்க. சீப்பு முனை, இல்ல ட்வீசர் முனையால வாலைக் கோதி விடுங்க. உதிர்ற இழையை எடுத்துருங்க. வாலோட அடிப்பக்கத்துல மூணுல ஒரு பங்கைக் கத்தரிங்க. பிறகு மெதுவா மடக்கிக் குழிக்குள்ள வைங்க. அடியைத் தொட்டா போதும், அழுத்தாதீங்க. விளக்குத் திரியை இறுக்கி முறுக்கினா எண்ணெய் ஏறாம நுனி கருகுமே, இங்கயும் அதே கதைதான். லீக் ஆகாம காக்கிறது பஞ்சோட அளவு இல்ல. ஜூஸ் வர்ற வழியை இடைவெளி விடாம லேசா மூடினா போதும், டேங்குக்குள்ள உருவாகிற வெற்றிடம் மிச்சத்தைப் பாத்துக்கும்.

மேல இருந்து ஜூஸ் சொட்டு விட்டு நனைங்க. நனைஞ்ச பிறகு வால் சுருங்கி உள்ள இறங்கும், மேல ஒரு தடவை ட்வீசரால சரி செய்யுங்க. காயிலுக்கு வெளியே பொங்கி நிக்கிற பஞ்சு காத்து வழியை மறிச்சா அதையும் தட்டி விடுங்க. 12 வாட்ல தொடங்கி ரெண்டு ரெண்டா ஏத்திக்கிட்டு வாங்க. ருசி உச்சத்துக்கு வர்ற இடம் ஒண்ணு இருக்கும், அதுக்கு மேல சூடுதான் கூடும்.

---

குலசேகரம்_ரப்பர் (அபுதாபி)

எல்லாம் சரி, ஆனா ஒத்தைக் கம்பின்னு எதுக்கு கஷ்டப்படணும்? கிளாப்டன் காயில் போட்டா ருசி தானா வரும். நான் ஃப்யூஸ்டு கிளாப்டன் போட்ட பிறகு ஒத்தைக் கம்பி பக்கமே திரும்பல. சும்மா பழசையே பேசிக்கிட்டு இருக்காதீங்க.

---

கோட்டாறு_மான்செஸ்டர்

கிளாப்டன்ல ருசி கூடும், மறுக்கல. ஃப்யூஸ்டு கிளாப்டன்னா உள்ள ரெண்டு கம்பி, மேல மெல்லிசுக் கம்பி சுத்தினது. அந்த வரிகளுக்கு நடுவுல ஜூஸ் தங்கும், பரப்பும் கூடும். ஆனா அதைச் சூடாக்க 40, 50 வாட் வேணும், ஜூஸும் அதுக்கேத்தபடி குடிக்கும், பேட்டரியும் சீக்கிரம் காலியாகும். நிக்கோட்டின் அளவையும் பார்க்கணும். 3 மி.கி ஜூஸ் போட்டு இழுக்கிறவருக்கு ஒத்து வரும், 12 மி.கி போடுறவருக்கு அவ்வளவு ஆவி நெஞ்சைப் பிடிக்கும். குழித்துறைத் தம்பி வாயில வச்சு மெதுவா இழுக்கிறவரா, நேரா நெஞ்சுக்கு இழுக்கிறவரான்னே நமக்கு இன்னும் தெரியாது.

---

வைண்டிங்_தக்கலை

கம்பி எடை கூடினா சூடேற நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். பட்டனை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஜூஸ் வெந்துக்கிட்டே இருக்கும், பஞ்சும் அதுக்கூட வேகும். வேலைக்குத் தக்க கம்பி போடுறதுதான் எங்க தொழில்ல முறை. பெரிய கம்பி நல்ல கம்பின்னு ஒண்ணு கிடையாது.

பஞ்சு போடுறதுக்கு முன்னால காயிலைக் குறைஞ்ச வாட்ல, ஒரு நொடி விட்டு ஒரு நொடி எரிச்சுப் பாரு மக்கா. சிவப்பு நடுவுல தொடங்கி ரெண்டு பக்கமும் ஒரே சீரா பரவணும். ஒரு ஓரம் மட்டும் முந்திச் சிவந்தா அந்தக் கால்ல ஸ்க்ரூ சரியா முறுகல, இல்லேன்னா சுத்து ஒண்ணு கோணியிருக்கு. பீங்கான் முனை ட்வீசரால லேசா வருடி விட்டா நேராயிரும். இரும்பு ட்வீசரை எரியும்போது வைக்காதே, ஷார்ட் ஆகும். டைட்டானியக் கம்பியை இப்படி வெறுமனே சிவக்க எரிக்கவே கூடாது.

---

குலசேகரம்_ரப்பர்

அது சரி. வேலைக்குத் தக்க கம்பி. ஒத்துக்கிடுதேன்.

---

அருமனை_பையன் (அஜ்மான்)

ஒரு சந்தேகம் அண்ணன்மாரே. கடையில விக்கிற ஜூஸ் ருசி ஒண்ணும் நம்ம ஊர் மணம் இல்ல. வீட்டுல இருந்து கிராம்பு எண்ணெய் வந்திருக்கு, நம்ம மலைக் கிராம்புல எடுத்தது, பாட்டிலைத் திறந்தாலே ரூம் மணக்கும். நிக்கோட்டின் இல்லாத ஜூஸ்ல ரெண்டு சொட்டு விட்டா கொள்ளாமா? இல்ல, மட்டிப்பழ எசன்ஸ்? கேக்குக்குப் போடுற எசன்ஸ் சாப்பிடறதுதானே.

---

கோட்டாறு_மருந்தாளுநர்

தம்பி, தயவுசெஞ்சு விடாதீங்க. ஒரு சொட்டு கூட வேண்டாம். இதை வாசிக்கிற எல்லாருக்குமே சொல்றேன்.

ஜூஸ்ல உள்ள பிஜியும் விஜியும் தண்ணில கரையும். எண்ணெய் கரையாது. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா அதை வெளியே தள்ள உடம்புக்குச் சுலபமான வழி கிடையாது. லிப்பாய்டு நிமோனியான்னு ஒரு வியாதியே இதனால வரும். 2019-ல அமெரிக்காவில வேப் பிடிச்சவங்களுக்கு நுரையீரல் பாதிப்பு வந்தது நினைவிருக்கும். 2020 பிப்ரவரி வரை அங்க 2,807 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, இல்லேன்னா இறந்தாங்க. உறுதியான சாவு மட்டும் 68. அதுல முக்கியமா மாட்டினது வைட்டமின் இ அசிட்டேட், கஞ்சா எண்ணெயில கலப்படமாச் சேர்த்த ஒரு எண்ணெய்ப் பொருள். தோல்ல தடவுற க்ரீம்ல ஒண்ணும் செய்யாத பொருள், சூடேத்தி நெஞ்சுக்குள்ள இழுத்தப்போ ஆளைக் கொன்னது.

கிராம்பு எண்ணெய்ல பெரும்பகுதி யூஜெனால். பல் வலிக்குப் பஞ்சுல தொட்டு வைக்கிறோம், அங்கேயே தோல் எரியும். அது நுரையீரலோட மெல்லிய சவ்வுல பட்டா என்னாகும்னு நினைச்சுப் பாருங்க.

எசன்ஸ் கேள்விக்கும் அதே பதில்தான். வயித்துக்குப் பாதுகாப்புன்னா நெஞ்சுக்கும் பாதுகாப்புன்னு இல்ல. வெண்ணெய் மணத்துக்குப் போடுற டைஅசிட்டைல் சாப்பாட்டுல ஆபத்தில்லாம இருந்தது. பாப்கார்ன் ஃபேக்டரியில அதைத் தினமும் மூச்சுல இழுத்த தொழிலாளிகளுக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் தழும்பேறி அடைஞ்சு போச்சு. அது திரும்பிச் சரியாகாத வியாதி. கேக் எசன்ஸ் பாட்டில்ல என்ன கரைப்பான், என்ன நிறம், என்ன சர்க்கரை இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஊர் மணம் வேணும்னா கிராம்பை ரெண்டு தட்டிக் கட்டன்சாயாவில போட்டுக் குடிங்க. மட்டிப்பழம் லீவுக்கு வரும்போது சாப்பிடுங்க.

கருகின ருசி வந்தும் தொடர்ந்து இழுக்கிறவங்க இருக்காங்க, அவங்களுக்கும் ஒண்ணு: பஞ்சு காய்ஞ்சு சூடு எல்லை மீறும்போது பிஜி, விஜி உடைஞ்சு ஃபார்மால்டிஹைடு மாதிரி பொருட்கள் உருவாகும். அந்தக் கசப்பு வந்த உடனே நிறுத்துங்க, பஞ்சை மாத்துங்க. ருசி நல்லா இருக்கிறதும் சூடு அளவோட இருக்கிறதும் பெரும்பாலும் ஒண்ணாவே போகும். அதனாலதான் இந்த இழையை ஆர்வமாப் படிக்கிறேன்.

---

அருமனை_பையன்

சரி அக்கா. விடமாட்டேன். கேட்டது நல்லதாப் போச்சு.

---

குளச்சல்_கடலோடி (குவைத்)

ஜூஸ் பத்தி ரெண்டு வார்த்தை. நிறைய பேர் காயிலைக் குறை சொல்றாங்க, ஆனா கோளாறு பல நேரம் ஜூஸ்ல இருக்கும். மணத்தைச் சுமக்கிறதுல பிஜி கெட்டி, விஜி புகைக்கும் வழவழப்புக்கும். 70/30-ஐ விட 50/50-ல மணம் எடுப்பா இருக்கும், ஆனா தொண்டையில அடிக்கும், டேங்கும் லீக் ஆகப் பார்க்கும். சுக்ரலோஸ் இனிப்பு கூடப் போட்ட ஜூஸ் முதல் நாள் அமிர்தமா இருக்கும், மறுநாள் காயில் கரி பிடிச்சுக் கிடக்கும். மாம்பழ ஜூஸ்ல பலதும் இந்த ரகம்.

சூடும் கணக்குல வரும். விஜி குளிர்ல கெட்டியாகும், வெயில்ல இளகும். இங்க ஜூலையில வெளியே வேலைக்குப் போகும்போது அதே பஞ்சு ஒழுகும், ராத்திரி ஏசி ரூம்ல அதே பஞ்சு தொட்டும் தொடாம உறிஞ்சும். மான்செஸ்டர் அண்ணனுக்குப் பனிக்காலத்துல இன்னும் கஷ்டமா இருக்கும்.

ஒரே மணத்தை நாள் முழுக்க இழுத்தா மூக்கு அதை விட்டிரும். நாக்கு கெட்டுப் போச்சுன்னு நினைப்போம், உண்மையில மூக்கு பழகிப் போச்சு. ருசின்னு நாம சொல்றதுல பெரும்பங்கு வாயிலிருந்து மூக்குக்குப் பின்வழியா ஏறுற மணம்தான். தண்ணி நிறையக் குடிச்சு, வேற மணத்துக்கு மாறி, ஆவியை மூக்கு வழியா விட்டுப் பாருங்க.

---

குழித்துறைக்காரன்

செய்து பாத்தாச்சு. இடைவெளி விட்டு 6 சுத்து, காயிலை இறக்கி வச்சேன், பஞ்சு வாலை அண்ணன் சொன்ன மாதிரி கோதிக் கத்தரிச்சேன், காத்து வளையத்தைப் பாதி மூடினேன். 12 வாட்ல இளஞ்சூடா வந்தது. 16-ல மாம்பழம் வந்திருச்சு. 18-ல தோல் பக்கத்துல கடிச்சா ஒரு புளிப்பும் காரமும் வருமே, அது கடைசியில வந்தது. இந்த ஜூஸ்ல அது இருக்குன்னே எனக்கு இதுவரை தெரியாது. 22-க்கு மேல மறுபடி தட்டையாகுது. 18-லேயே வச்சிருக்கேன்.

நம்ம செங்கவருக்கை மாங்காய் மணம் இது இல்ல, அதை எந்த ஜூஸும் தராது. ஆனா மாம்பழம்னு சொல்லலாம். ஜூஸ் செலவும் பாதியாக் குறைஞ்சிருக்கு, ரூம்மேட் இப்ப எனக்கதை வாங்கி இழுத்துப் பாக்குதான்.

நான் வாயில வச்சு மெதுவா இழுக்கிற ரகம் அண்ணே, 6 மி.கி போடுதேன்.

இன்னொரு கேள்வி. அடுத்த மாசம் லீவுக்கு ஊருக்கு வாறேன், திருவனந்தபுரம் வழியா. மாடும் டேங்கும் இங்க ரூம்ல கிடக்கட்டும்னு முடிவு பண்ணியாச்சு. நீண்ட நாள் சும்மா கிடந்தா கெட்டுப் போகுமா?

---

கோட்டாறு_மான்செஸ்டர்

6 மி.கி-க்கு 18 வாட் சரியான இடம். மெதுவா இழுக்கிறவருன்னா காத்தை இன்னும் ஒரு சிட்டிகை மூடிப் பாருங்க.

விட்டுட்டுப் போறதுக்கு முன்னால டேங்க்ல உள்ள ஜூஸை ஊத்திருங்க, பஞ்சை எடுத்துப் போடுங்க. எல்லாத்தையும் கழட்டி வெதுவெதுப்பான தண்ணில கழுவி, ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) தனியா துடைச்சு, முழுசா உலர விட்டு மாட்டுங்க. காயிலை மாத்த வேண்டாம். பஞ்சில்லாம லேசா எரிச்சுத் தண்ணில அலசினா திரும்பி வந்ததும் அதையே பயன்படுத்தலாம். பேட்டரியை மாட்ல விடாதீங்க. பாதி சார்ஜ்ல, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள, வெயில் படாத இடத்துல வைங்க. மேல் உறை கிழிஞ்ச பேட்டரின்னா திரும்பப் போடவே வேண்டாம், உறை மாத்தணும், இல்லேன்னா பேட்டரியையே மாத்தணும்.

---

மட்டறுத்துநர்

கொண்டு வரலங்கிற முடிவுக்கு நன்றி. தோஹா, சிங்கப்பூர் வழியா டிக்கெட் எடுக்கிறவங்களும் கவனிங்க: கத்தாரிலயும் தடை இருக்கு, சிங்கப்பூர்ல 2018 பிப்ரவரியிலிருந்து கையில வச்சிருந்தாலே குற்றம்.

---

கோட்டாறு_மருந்தாளுநர்

லீவுல ஊர்ல நிக்கும்போது சிகரெட் பக்கம் கை போகாம இருக்க 2 மி.கி நிக்கோட்டின் கம் மருந்துக் கடையிலேயே கிடைக்கும், சீட்டு வேண்டாம். சூயிங் கம் மாதிரி மென்னு தள்ளக் கூடாது. மெதுவா மென்னு, சுரீர்னு வந்ததும் கன்னத்து ஓரத்துல ஒதுக்கி வைங்க, சுரீர் அடங்கினதும் மறுபடி மெல்லுங்க. கம் போடுறதுக்கு முன்னால கால் மணி நேரம் காப்பி, ஜூஸ் குடிக்காதீங்க, நிக்கோட்டின் ஏறாது. ஒரேயடியா விட நினைச்சா 1800-11-2356, மத்திய அரசோட இலவச எண், தமிழ்லயும் பேசுவாங்க.

---

குழித்துறைக்காரன்

குறிச்சு வச்சுக்கிட்டேன் அக்கா. கம் ரெண்டு அட்டை முதல் நாளே வாங்கிருதேன். வைண்டிங் அண்ணே, தக்கலை வந்தா கடைக்கு வாறேன், மைக்ரோமீட்டர் பிடிக்கப் படிச்சுத் தாங்க.

---

வைண்டிங்_தக்கலை

வா மக்கா. ஞாயித்துக்கிழமை மட்டும் கடை இல்ல.